சாரமாக வந்து எலும்புக்கு இடம் விடும் பொருள்கள்

எலும்பையும் பல்லையும் சீரமைக்க இயற்கையிடமிருந்து நாம் கற்கும் பாடம்

புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு தாய் தம் 12 வயது மகனை அழைத்து வந்திருந்தார். சில மாதங்களுக்கு முன் பந்து எறியும்போது அவனுடைய மேற்கை எலும்பு முறிந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது முறிவுக்கு உண்மையான காரணம் பந்தன்று என்பது தெரிந்தது. எலும்பின் உள்ளே நீர்க்கட்டி ஒன்று வளர்ந்து, எலும்பின் சுவரை முட்டை ஓட்டைப் போல மெலியச் செய்திருந்தது. அது புற்றுநோயன்று, உயிருக்கு ஆபத்து விளைவிப்பதும் அன்று. ஆயினும் கட்டுப் போட்டு முறிவு கூடிய பின்பும் கட்டி மறையவில்லை. அதைச் சுரண்டி எடுத்துக் குழியை நிரப்பாவிட்டால் எலும்பு மீண்டும் முறியக்கூடும் என்ற நிலை.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி விளக்கி முடித்ததும் அந்தத் தாய் கேட்டார்: “அந்தக் குழியில எதை வெச்சு அடைப்பீங்க டாக்டர்? சிமெண்ட் மாதிரி ஏதாவதா? பையன் இன்னும் வளர வேண்டியவன். அவன் வளர்ந்தா அது என்ன ஆகும்?”

எதை வைப்பது, அது உடலோடு ஒட்டுமா, உடல் மாறும்போது அதுவும் மாறுமா என்பவை எளிய கேள்விகளாகத் தோன்றலாம். உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் 50 ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடிவருவது இவற்றுக்கே. விபத்தில் எலும்பின் ஒரு பகுதியை இழந்தவர், கட்டியின் காரணமாகத் தாடையின் ஒரு பகுதியை நீக்கிக்கொண்டவர், சொத்தைப் பல்லை அடைக்க வந்தவர் என இம்மருத்துவமனைக்கு வருவோர் பலருக்கும் இதே கேள்விகள் பொருந்தும். ஆகவே அந்தத் தாய்க்கு நாங்கள் கூறிய விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

எலும்பு கல்லன்று

எலும்பு என்றதும் சுண்ணாம்பைப் போன்ற உலர்ந்த, கெட்டியான ஒரு பொருளே நம் நினைவுக்கு வருகிறது. உண்மை வேறு. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அந்தத் தாதுவுக்கு ஹைட்ராக்ஸிஅப்படைட் என்று பெயர். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை. பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீரும் உண்டு.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சமைத்து உண்ட கோழியின் கால் எலும்பு ஒன்றை நன்கு கழுவி, வினிகரில் சில நாட்கள் ஊற வையுங்கள். வினிகரில் உள்ள அமிலம் தாதுப்பொருளைக் கரைத்துவிடும். வெளியே எடுத்தால் எலும்பு தன் வடிவத்திலேயே இருக்கும். ஆனால் ரப்பரைப் போல வளையும். எஞ்சியிருப்பது கொலாஜன் மட்டுமே. மாறாக, இன்னோர் எலும்பை நெருப்பில் நெடுநேரம் சுட்டால் கொலாஜன் எரிந்து தாது மட்டும் எஞ்சும். அதுவும் வடிவம் மாறாமல்தான் இருக்கும். ஆனால் விரலால் அழுத்தினாலே நொறுங்கும். தாது மட்டும் இருந்தால் எலும்பு பீங்கானைப் போல உடையும். இழை மட்டும் இருந்தால் துணியைப் போல மடங்கும். இரண்டும் சேர்ந்திருப்பதாலேயே நாம் நிமிர்ந்து நிற்கிறோம்.

வீடு கட்டுவோருக்கு இது புதிய செய்தியன்று. கான்கிரீட் தனியே பளுவைத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அதனால்தான் உள்ளே கம்பி கட்டுகிறார்கள். எலும்பில் கம்பியின் இடத்தில் கொலாஜன் இருக்கிறது. கான்கிரீட்டின் இடத்தில் தாதுப்படிகங்கள் இருக்கின்றன. வேறுபாடு அளவில்தான் உள்ளது. அந்தப் படிகங்களின் தடிமன் 2 அல்லது 3 நானோமீட்டர் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். இத்தனை நுண்ணிய படிகங்கள் இழைகளின் உள்ளும் புறமும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. இவ்வாறு தன்மையில் மாறுபட்ட இரு பொருள்கள் கலந்து, தனித்தனியே இல்லாத வலிமையைப் பெறுவதையே கலவைப் பொருள் என்கிறோம்.

அந்தக் கொலாஜன் இழையின் அமைப்பு சென்னையில்தான் கண்டறியப்பட்டது என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். 1954ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று புரதச் சரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறு போல அமைவதே கொலாஜன் என்று எக்ஸ்ரே படங்களின் வழியே நிறுவினார்கள். தோலின் முதன்மைப் பொருளும் கொலாஜனே. முப்புரியாகத் திரித்த கயிறு ஒற்றைச் சரட்டைவிட உறுதியானது என்பதைத் தேர் வடம் பிடித்த எவரும் அறிவர். நம் எலும்பின் உள்ளேயும் அதே முறைதான் பின்பற்றப்பட்டிருக்கிறது.

எலும்புக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது உயிருள்ளது. பழைய எலும்பை அரித்து நீக்கும் செல்களும், புதிய எலும்பைக் கட்டும் செல்களும் இரவும் பகலும் பணி செய்கின்றன. வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. எந்த இடத்தில் பளு மிகுதியோ அந்த இடத்தில் எலும்பு தடிக்கும். பளு குறைந்தால் மெலியும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் வகுத்துரைத்த இந்த விதியை மறந்து எதை எலும்பில் வைத்தாலும் அது நெடுநாள் நிலைப்பதில்லை.

இதுவரை எதை வைத்தோம்?

எலும்புக் குழியை நிரப்ப மிகச் சிறந்த பொருள், இன்றளவும், நோயாளியின் சொந்த எலும்பே. பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து சிறிதளவு எடுத்து, தேவையான இடத்தில் வைக்கிறோம். அதில் உயிருள்ள செல்கள் உண்டு. உடல் அதை வேற்றுப் பொருளாகக் கருதுவதில்லை. ஆனால் அதற்கு இன்னோர் இடத்தில் கத்தி வைக்கவேண்டும். சிலருக்கு முதல் காயத்தைவிட எலும்பு எடுத்த இடத்து வலியே நெடுநாள் நீடிக்கிறது. எடுக்கக்கூடிய அளவும் குறைவு. குழந்தைகளிடம் இன்னும் குறைவு. பிறர் தானமளித்த எலும்பைப் பதப்படுத்தி வைத்திருக்கும் எலும்பு வங்கிகளிலிருந்தும் பெறலாம். அதில் உயிருள்ள செல்கள் இரா, அது எங்கும் எளிதில் கிடைப்பதும் இல்லை.

உலோகம் வேறு வகை. முறிந்த எலும்பை அசையாமல் பிடித்து வைக்க எஃகுத் தகடும் டைட்டேனியம் தகடும் இன்றியமையாதவை. அவற்றால் நடக்கத் தொடங்கியவர்கள் கோடிக்கணக்கானோர். ஆனால் எஃகின் விறைப்பு எலும்பினுடையதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. டைட்டேனியத்தினுடையது ஏறத்தாழ ஐந்து மடங்கு. விறைப்பான பொருள் பளுவைத் தானே சுமந்துகொள்கிறது. அதன் நிழலில் உள்ள எலும்புக்கு வேலை இல்லை. வோல்ஃப் கூறியபடி, வேலையில்லாத எலும்பு மெலிகிறது. எனவே நிரந்தரமாகத் தங்கும் பொருள் எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பாக இருப்பது நன்மையாகாது. எலும்பைப் போன்றதாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

எலும்பை விட்டு வர மறுத்த கண்ணாடி

அந்தத் தேடலில் ஒரு திருப்பம் 1967இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கண்ணாடி, பீங்கான் துறையில் ஆய்வு செய்த லாரி ஹென்ச் என்பவர், ஒரு கருத்தரங்குக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தார். அருகில் அமர்ந்திருந்தவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படை அதிகாரி. உடல் ஏற்காத உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் படைவீரர்கள் கை கால்களை இழப்பதைக் கண்டிருந்த அவர், மனித உடல் ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று கேட்டார்.

எலும்பின் தாதுவில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருப்பதால், அவ்விரண்டையும் கொண்ட கண்ணாடி ஒன்றை ஹென்ச் குழுவினர் 1969இல் உருவாக்கினர். மணலின் மூலப்பொருளான சிலிக்கா அதில் 45 விழுக்காடு. மீதம் சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகள். எலிகளின் தொடையெலும்பில் அச்சிறு துண்டுகள் வைக்கப்பட்டன. ஆறு வாரங்களுக்குப் பின் அவற்றை வெளியே எடுக்க முயன்றபோது, அவை எலும்பை விட்டு வர மறுத்தன. கண்ணாடியின் மேற்பரப்பு உடல் நீரில் மெல்லக் கரைந்து, எலும்பின் தாதுவைப் போன்ற படலம் ஒன்று அதன்மேல் உருவாகியிருந்தது. உடல் அப்படலத்தைத் தன்னுடையதாகவே கருதி, அதன்மேல் எலும்பைக் கட்டியிருந்தது.

அதுவரை, உடலில் வைக்கும் பொருள் எந்த வினையும் புரியாமல் வாளா இருக்கவேண்டும் என்பதே மருத்துவ உலகின் கருத்து. உடலோடு வினைபுரியும் பொருளே உடலோடு ஒட்டும் என்பதை அந்தக் கண்ணாடி காட்டியது. 1985இல் நடுச்செவியின் சிற்றெலும்புகளுக்கு மாற்றாக அது மனிதர்களுக்குப் பயன்பட்டது. பின்னர்ப் பல்லின் வேரைச் சுற்றித் தேய்ந்த எலும்பை நிரப்பவும் பயன்பட்டது. இன்று பற்கூச்சத்துக்கான சில பற்பசைகளிலும் அதன் துகள் உள்ளது.

ஆனால் கண்ணாடி கண்ணாடிதான். பளு விழுந்தால் உடையும். இந்தக் குறையைத் தீர்க்க இலண்டனில் வில்லியம் பான்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் எலும்பின் கலவை முறையையே கையாண்டனர். பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கோடு ஹைட்ராக்ஸிஅப்படைட் துகளைக் கலந்து அவர்கள் செய்த பொருளைப் பற்றிய கட்டுரை 1981இல் வெளியாயிற்று. கொலாஜனுக்கு ஈடாகப் பிளாஸ்டிக். தாதுவுக்கு ஈடாக அதே தாது. கொள்ளளவில் 40 விழுக்காடு தாது சேர்ந்த கலவை, கத்தியால் செதுக்கக்கூடிய அளவு இணக்கமாகவும் எலும்போடு ஒட்டக்கூடியதாகவும் இருந்தது. கண்குழியின் அடித்தளத்தைச் சீரமைக்கவும் நடுச்செவிக்கும் அது பயன்பட்டது. நடக்கும்போது உடலின் முழுப் பளுவையும் தாங்கும் தொடையெலும்புக்கு அதன் வலிமை போதவில்லை.

சிப்பியின் உட்புறம்

பிளாஸ்டிக்கில் தாதுவைக் கலந்தால் மட்டும் போதாது. அது எவ்வாறு அடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். இதை ஆய்வாளர்கள் கடலிலிருந்து கற்றார்கள்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர் அள்ளி வந்த சிப்பியின் உட்புறத்தைப் பார்த்திருப்பீர்கள். வானவில் நிறங்களோடு மின்னும் அந்தப் படலத்தில் 95 விழுக்காடு வெறும் சுண்ணாம்புப் பொருள். எழுதுகோலாகப் பயன்படும் சுண்ணக்கட்டியைப் போல அது நொறுங்கியிருக்கவேண்டும். ஆனால் அதே சுண்ணாம்புப் படிகத்தைத் தனியே உடைக்கத் தேவைப்படும் ஆற்றலைப் போல ஏறத்தாழ 3000 மடங்கு ஆற்றல் செலவிட்டால்தான் சிப்பியின் உட்படலம் உடைகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் விளங்கும். தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே உள்ள சுண்ணாம்புத் தகடுகள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையே சாந்தைப் போல மெல்லிய புரதப் படலம். விரிசல் ஒன்று தோன்றினால் அது நேரே ஓட முடியாது. ஒவ்வொரு கல்லையும் சுற்றிச் சுற்றிச் செல்லவேண்டும். கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே வழுக்கி, அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும். போகும் வழியிலேயே விரிசல் களைத்துவிடுகிறது.

இவ்வளவு நுண்ணிய செங்கல் சுவரை மனிதர் எழுப்புவது எப்படி? அமெரிக்காவின் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2006இல் ஓர் எளிய வழியை வெளியிட்டது. கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. அதுபோலவே, பீங்கான் துகள் கலந்த நீரை ஒரு திசையிலிருந்து மட்டும் குளிர்வித்தால், பனி மெல்லிய தகடுகளாக வளர்ந்து துகள்களை இடையிடையே ஒதுக்குகிறது. பனியை ஆவியாக்கிவிட்டால் அடுக்கடுக்கான பீங்கான் எஞ்சும். அதைச் சுட்டு, இடைவெளியில் மென்பொருளை நிரப்பினால் சிப்பியின் அமைப்பு கிடைக்கிறது. 2008இல் அதே ஆய்வகத்தில் அலுமினா பீங்கானையும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கையும் இவ்வாறு சேர்த்தபோது, அதை உடைக்கத் தேவைப்பட்ட ஆற்றல் அதன் கூறுகளுக்குத் தேவைப்படுவதைப் போல 300 மடங்குக்கும் மேலாக இருந்தது. அது உடலில் வைப்பதற்கான பொருளன்று. ஆயினும் நொறுங்கும் இரு பொருள்களைக் கொண்டு நொறுங்காத ஒன்றைச் செய்யலாம் என்பதற்கு அது சான்று.

சிப்பியும் எலும்பும் உறவாடுவது முற்றிலும் புதியதன்று. 1931இல் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில், ஏறத்தாழ கி.பி. 600ஐச் சேர்ந்த ஒரு தாடையெலும்பு கிடைத்தது. கீழ் வரிசையில் மூன்று முன்பற்களின் இடத்தில், பல்லின் வடிவில் செதுக்கிய மூன்று சிப்பித் துண்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. பிற்காலத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களில், அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது.

பவளமும் பிரம்பும்

சிப்பி வலிமையைக் கற்பித்தது. ஆனால் எலும்புக்கு வலிமையோடு துளைகளும் தேவை. துளைகளின் வழியேதான் இரத்த நாளங்கள் உள்ளே செல்லும். அவற்றைத் தொடர்ந்துதான் எலும்பு கட்டும் செல்கள் செல்லும். துளை மிகச் சிறிதாயின் நாளம் நுழையாது. மிகப் பெரிதாயின் பொருள் வலுவிழக்கும்.

பவளப்பாறையின் எலும்புக்கூட்டில் ஒன்றோடொன்று இணைந்த இத்தகைய துளைகள் இயல்பாகவே உள்ளன. அமெரிக்க ஆய்வாளர்களான டெல்லா ராய், சாரி லின்னஹன் ஆகியோர் 1974இல், சுண்ணாம்பாலான பவளத்தை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பாஸ்பேட் கரைசலில் வைத்து, துளைகள் சிதையாமல் ஹைட்ராக்ஸிஅப்படைட்டாக மாற்றிக் காட்டினர். அவ்வகைத் துண்டுகள் அறுவைச் சிகிச்சையிலும் பயன்பட்டன.

இத்தாலியின் ஃபயன்ஸா நகரில் அன்னா தம்பியேரி தலைமையிலான குழு பிரம்பை எடுத்துக்கொண்டது. நாற்காலி பின்னும் அதே பிரம்புதான். அதன் உள்ளே நீர் செல்லும் குழல்கள் நீண்ட எலும்பின் குழல்களை ஒத்திருக்கின்றன. பிரம்பைக் கரியாக்கி, பின்பு படிப்படியாகக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் ஏற்றி, இறுதியில் பிரம்பின் வடிவம் மாறாத எலும்புத் தாதுவாக ஆக்குகிறார்கள். செம்மறியாடுகளில் அது சோதிக்கப்பட்டது. நம் நாட்டிலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிலிக்கா கலந்த கால்சியம் பாஸ்பேட் பீங்கானை உருவாக்கி, ஆடுகளின் தொடையெலும்பில் சோதித்திருக்கிறார்கள்.

இவை அனைத்தும் எலும்பின் இடத்தில் நிரந்தரமாகக் குடியேற வந்தவை அல்ல. கட்டடம் எழுப்பும்போது கொத்தனார் சாரம் கட்டுகிறார். சாரத்தின் மேல் நின்று சுவரை எழுப்பி, சுவர் உறுதியான பின் சாரத்தைப் பிரித்துவிடுகிறார். இந்தப் பொருள்களும் அத்தகைய சாரமே. செல்கள் இவற்றைப் பற்றிக்கொண்டு புதிய எலும்பைக் கட்டவேண்டும். எலும்பு எழ எழ இவை கரையவேண்டும். சுவர் எழுமுன் சாரம் சரிந்தால் குழி மீண்டும் வெறுமையாகும். சுவர் எழுந்த பின்னும் சாரம் நின்றால் எலும்பு முழுமையடையாது. இந்த வேகத்தைப் பொருத்துவதே இத்துறையின் மிகக் கடினமான பணி. ஏனெனில், சிறுவனின் எலும்பும் 70 வயதுடையவரின் எலும்பும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

பல்லின் கதை வேறு

எலும்புக்கு உள்ள நற்பேறு பல்லின் மேற்பூச்சுக்கு இல்லை. எனாமல் எனப்படும் அதற்குத் தமிழில் பற்சிப்பி என்று அழகான பெயர் உண்டு. அதன் எடையில் 96 விழுக்காடு தாது. உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனால் அதைக் கட்டிய செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளிவரும் காலத்திலேயே மறைந்துவிடுகின்றன. எனவே ஒருமுறை குழியான பற்சிப்பி தானாக வளர்வதில்லை. கொத்தனார் ஊரை விட்டுப் போன பின் இடிந்த சுவரைப் போன்றது அது.

பல் மருத்துவர் உங்கள் பல்லில் வைக்கும் வெள்ளை நிற அடைப்பு ஒரு கலவைப் பொருளே. பிசினுக்குள் நுண்ணிய கண்ணாடித் துகள்களைப் பொதிந்து, ஒளியால் இறுகச் செய்கிறார்கள். அதற்கு இரு கண்டுபிடிப்புகள் வழி செய்தன. அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர் 1955இல், பற்சிப்பியை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் நன்கு பற்றுகிறது என்று காட்டினார். உலோகத்தில் வண்ணம் ஒட்டுவதற்கு முன் அமிலம் பூசும் தொழிற்சாலை வழக்கமே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. பின்னர் 1962இல் ரஃபேல் போவன் இன்றும் பயன்படும் பிசினை உருவாக்கினார்.

இந்த அடைப்பின் குறை, இறுகும்போது அது சிறிது சுருங்குவதே. விளிம்பில் மயிரிழை இடைவெளி ஏற்பட்டால் கிருமிகள் புகுந்து மீண்டும் சொத்தை உண்டாகலாம். ஈரமான வாயில் எதையும் ஒட்டவைப்பது கடினம். இங்கும் கடல் உதவுகிறது. அலையடிக்கும் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் மட்டிச்சிப்பி, நீருக்கடியிலேயே இறுகும் புரதப் பசையைச் சுரக்கிறது. அதன் இரகசியமான ஒரு வேதிக்கூற்றை ஹெர்பர்ட் வெய்ட் 1981இல் வெளிப்படுத்தினார். கலிபோர்னியக் கடற்கரையில் மணற்துகளை ஒட்டி வீடு கட்டும் ஒரு புழுவின் பசையைப் பின்பற்றி, நொறுங்கிய எலும்புத் துண்டுகளை ஒட்டும் பசையை உருவாக்க யூட்டா பல்கலைக்கழகத்தார் முயன்றுவருகிறார்கள்.

குழி விழுமுன் தடுப்பதற்கும் வழி பிறந்துள்ளது. சொத்தையின் தொடக்கத்தில் பல்லில் வெண்புள்ளி மட்டுமே தோன்றும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு சிறு புரதம், அந்தப் புள்ளியினுள் ஊறித் தானே வலையாகப் பின்னிக்கொள்கிறது. உமிழ்நீரில் உள்ள கால்சியம் அந்த வலையைப் பற்றிப் படிகிறது. இதுவும் ஒரு சாரமே. 2022இல் சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தார், தாது நூல்களை ஒரே திசையில் அடுக்கி, சிர்கோனியா பூசி, இடையே மென்பொருளை நிரப்பிச் செயற்கைப் பற்சிப்பியை ஆய்வகத்தில் உருவாக்கினர். அது மருத்துவரின் மேசைக்கு வர இன்னும் காலம் ஆகும்.

நீங்கள் கேட்கவேண்டியவை

நாளிதழில் ‘செயற்கை எலும்பு கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு அதையே வைக்குமாறு கேட்போர் உண்டு. அவர்களுடைய ஆவல் நியாயமானதே. ஆனால் ஒரு பொருள் முதலில் செல்களிலும், பின்பு விலங்குகளிலும், அதன்பின் சிறு எண்ணிக்கையிலான மனிதர்களிலும் சோதிக்கப்பட்டே பயன்பாட்டுக்கு வரவேண்டும். எலியின் எலும்பில் வெற்றி பெற்ற பொருள் மனிதரின் தொடையெலும்பில் தோற்பது புதிதன்று. நம் நாட்டில் இத்தகைய பொருள்கள் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி ஒழுங்குபடுத்தப்படுகின்றன.

ஆகவே, எலும்பு ஒட்டுச் சிகிச்சை உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ பரிந்துரைக்கப்பட்டால், தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த இடத்துக்குச் சொந்த எலும்பு தேவையா, மாற்றுப் பொருள் போதுமா?
2. வைக்கப்படும் பொருள் கரைந்துவிடுமா, நிலைத்திருக்குமா? கரையுமாயின் எத்தனை மாதங்களில்?
3. அது எதிலிருந்து எடுக்கப்பட்டது? மாடு, பன்றி போன்ற விலங்குகளிலிருந்து பெறப்படும் பொருள்களும் உள்ளன. சமயம் அல்லது உணவுநெறி சார்ந்து உங்களுக்கு மறுப்பு இருந்தால் முன்கூட்டியே கூறுங்கள்.
4. எப்போது முதல் பளு ஏற்றலாம்? எந்த அளவு?
5. எலும்பு சேரவில்லை எனில் அடுத்த வழி என்ன?

உங்கள் பங்கும் இதில் உண்டு. எத்தனை சிறந்த சாரமானாலும் அதன்மேல் நின்று வேலை செய்வது உங்கள் செல்களே. புகைபிடித்தல் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அதை விட்டுவிடுவது நன்று. நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். போதிய புரதமும் கால்சியமும் வைட்டமின் டியும் தேவை. மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நடப்பதும் மருந்தே. அஞ்சி அசையாமல் கிடந்தால் எலும்பு மெலியும். அனுமதிக்குமுன் நடப்பதோ சாரத்தைச் சரிக்கும். பல்லுக்கு, ஃபுளூரைடு கலந்த பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்குவதும், இனிப்பை அடிக்கடி கொறிக்காமல் இருப்பதும் எந்தச் செயற்கைப் பற்சிப்பியைவிடவும் சிறந்தவை.

அந்தத் தாய்க்கு நாங்கள் கூறிய விடை இதுதான்: “குழி சிறியது. அது சிமெண்ட் இல்லம்மா. எலும்பில் இருக்கிற அதே கால்சியம் பாஸ்பேட்டைத் துளையுள்ள சிறு மணிகளாகச் செய்திருக்கிறார்கள். அதைத்தான் நிரப்பப்போகிறோம். அவன் எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளரும்; மணிகள் மெல்லக் கரையும். நீர்க்கட்டி சிலருக்குத் திரும்பி வருவதும் உண்டு. அதனால் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும்.”

முதல் எக்ஸ்ரே படத்தில் அந்த மணிகள் ஜவ்வரிசியைப் போலத் தனித்தனியே வெண்மையாகத் தெரிந்தன. அடுத்தடுத்த படங்களில் அவற்றின் விளிம்புகள் மங்கின. ஓராண்டுக்குப் பின் வந்தபோது, அந்தத் தாய் புதிய படத்தைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் தேடினார். பின்பு எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“நீங்க வெச்சது எங்கே டாக்டர்? காணோமே!”